கெமெஞ்சே பாலமும் சயாமுக்குப் போனவர்களும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கெமாஸிலிருந்து தம்பினுக்குப் போகும் சாலையில், கெமெஞ்சே பக்கம், ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், அங்கே ஜப்பானியரோடு சண்டையிட்ட ஆஸ்திரேலியப் படையினருக்காக எழுப்பப்பட்டது. மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உள்ள நட்புறவின் அடையாளம் என்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். நான் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள். கடல் கடந்து வந்து எங்கள் ரப்பர் காட்டில் உயிரை விட்ட இளைஞர்களுக்கு ஒரு கல் இருக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அந்த 'இரு நாடுகள்' கணக்கு மட்டும் என் மனத்தில் ஒட்டவே இல்லை. 1942 ஜனவரியில் மலேசியா என்றொரு நாடு கிடையாது. மலாயா விடுதலை பெற்றது 1957இல். மலேசியா உருவானது 1963இல். அன்று அந்தச் சாலையின் இருபுறமும் இருந்தவை வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள். அவற்றின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் நம் ஆட்கள், தமிழர்கள். அவர்கள் ஆஸ்திரேலியர்கள் இல்லை, மலேசியர்களும் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த, பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள். யாரோடு யார் கூட்டு என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. அப்படியானால் இந்தக் கல் கொண்டாடும் நட்பில் அவர்களுடைய இடம் எது? பல காலமாக இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கெமாஸ் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ஜப்பானியர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்காக 1943இல் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. அப்போது என் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தார். இதைப் படிக்கும் மலேசியத் தமிழர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வரி இருக்கும். மாமா தன் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாலத்தைக் கடந்து போய் வந்தவர். ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை. கடந்த ஆண்டு நான் சிரம்பானிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "பாப்பா, அந்த ஆஸ்திரேலியாக்காரன் கல்லை இன்றைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்காமல் காரை எடுத்தேன்.

பாலத்தில் நடந்தது

போகிற வழியில் எனக்குத் தெரிந்த சண்டைக் கதையைச் சொன்னேன். 1942 ஜனவரி 14. ஆஸ்திரேலிய 8ஆவது டிவிஷனின் 2/30ஆவது பட்டாலியன், லெப்டினன்ட் கர்னல் கேலகன் தலைமையில், கெமாஸுக்கு மேற்கே காத்திருந்தது. அதன் 'பி' கம்பெனி, கேப்டன் டஃபியின் கீழ், பாலத்தின் இந்தப் பக்கம் சாலையோரக் காட்டுக்குள் பதுங்கியிருந்தது. மாலை நான்கு மணி வாக்கில் ஜப்பானியர்கள் சைக்கிளில் வந்தார்கள். தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். எதிர்ப்பை எதிர்பார்க்காமல், துப்பாக்கிகளைச் சைக்கிளில் கட்டிவைத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி வந்தார்கள் என்கிறார்கள். முதலில் வந்த சில நூறு பேரை ஆஸ்திரேலியர்கள் போகவிட்டார்கள். பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்து, சாலையில் சிக்கியவர்கள்மீது சுட்டார்கள். பின்னால் இருந்த பீரங்கிகளும் சுட்டிருக்க வேண்டும். ஆனால் தொலைபேசிக் கம்பியை ஜப்பானியர்கள் கண்டுபிடித்து அறுத்துவிட்டதால் கட்டளை போய்ச் சேரவில்லை. மறுநாள் கெமாஸுக்குப் பக்கத்திலேயே டாங்கிகளோடு சண்டை. அதன் பிறகு பின்வாங்கினார்கள். அந்த மோதலில் இறந்தோர், காணாமற்போனோர், காயம்பட்டோர் என்று பட்டாலியன் இழந்தது 81 பேர். சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுந்தது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். சைக்கிள் என்றதும் குறுக்கிட்டார். "அந்தச் சைக்கிளில் பாதி நம் ஊர்களில் பிடுங்கியதுதான். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஐயாவின் சைக்கிளைக்கூட எடுத்துக்கொண்டு போனார்களாம், அம்மா சொல்வார்கள்." பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டு, மாதம், நாள், மணி, கம்பெனியின் எழுத்து, தலைவனின் பெயர், இழப்பின் எண்ணிக்கை என்று இத்தனையும் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு காரை ஓட்டிக்கொண்டே நான் சொல்கிறேன். எதையும் நான் தேடி அலையவில்லை. எழுதிவைத்திருந்தார்கள், படித்தேன். தோற்று ஓடிக்கொண்டிருந்த படையும் தன் ஆட்களைக் கணக்கு வைத்திருந்தது. அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். தன் மனிதர்கள்மீது ஒரு சமூகம் வைத்திருக்கும் அன்பு இப்படித்தான் தாளில் தெரியும்.

அதே தண்டவாளம்

சிங்கப்பூர் விழுந்ததும் அந்தப் பட்டாலியன் மொத்தமாகச் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் சிறைப்பட்டது. 1943 ஏப்ரலில் 'எஃப் ஃபோர்ஸ்' என்ற பெயரில் 7,000 போர்க் கைதிகளைச் சாங்கியிலிருந்து சயாமுக்கு அனுப்பினார்கள். கெமெஞ்சேயில் சண்டையிட்ட 2/30ஆவது பட்டாலியன் ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். அரிசி ஏற்றும் இரும்பு வேகன்களில் அடைத்து, பான் போங் வரை ரயிலில் கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். அந்த 7,000 பேரில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் வண்டிக்கு வேறு வழி இல்லை; கெமாஸைக் கடந்துதான் போக வேண்டும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ரயில்காரராகப் பதில் சொன்னார். "கடந்து போவதா? அந்தக் காலத்து நீராவி வண்டி கெமாஸில் தண்ணீர் பிடிக்காமல் எங்கே போகும்? நின்றுதான் போயிருக்கும்." சுடச்சுட இரும்பு வேகனுக்குள் நின்றவர்கள், ஓராண்டுக்கு முன்பு தாங்கள் சண்டையிட்ட ஊரில்தான் நிற்கிறோம் என்று அறிந்திருப்பார்களா?

அதே 1943இல், அதே தண்டவாளத்தில், எங்கள் ஆட்களும் வேகன்களில் போனார்கள். ஜப்பான் காலத்தில் ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால் வெட்டு நின்றது. கூலி இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று சொன்னபோது பசியில் இருந்தவர்கள் நம்பினார்கள். முதலில் போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகையின் கதவை அடைத்த கதையைப் பல ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. தண்டவாளங்களும் மலாயாவிலிருந்தே போயின. கெமாஸிலிருந்து கிளந்தான் பக்கம் போகும் கிழக்குக்கரைப் பாதையில் நெடுந்தொலைவுக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு இருந்த பாதையையும் பெயர்த்தார்கள். அது பிறகு போடப்படவே இல்லை. இன்றைக்கும் மலாக்கா நகரத்துக்கு ரயில் இல்லாததற்குக் காரணம் அதுதான். மாமா தன் பணிக்காலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களிடம் இதைத் தவறாமல் சொல்வாராம். இரும்பு போனதைச் சொல்வார். அப்பா போனதைச் சொல்ல மாட்டார்.

சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். அதில் வேலை செய்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரம் பேருக்குக் குறையாமல் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு பெயராகக் கூட்டிச் சரிபார்க்கலாம். நம்முடையதற்கு முன்னால் எப்போதும் ஓர் 'ஏறத்தாழ' நிற்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் என் தாத்தா இருக்கிறார்.

எந்தக் கொடியின் கீழ்?

கணக்கை இன்னும் சிக்கலாக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் தம்பி, மாமாவுக்குச் சித்தப்பா, அதே லயத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு தோட்டங்களில் எழுந்த உணர்ச்சியை, வயதானவர்கள் சொல்லும்போது இன்றும் அவர்கள் குரலில் கேட்கலாம். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தப் படை ஜப்பானின் கூட்டாளி. ஆக ஒரே லயத்தில், அண்ணனை ஜப்பானியர் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தம்பி ஜப்பானியரோடு அணிவகுத்து நிற்கிறார். இதில் யாரைத் துரோகி என்பது, யாரைத் தியாகி என்பது? சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே பலர் சீருடை அணிந்தார்கள் என்பதும் உண்மை; சுதந்திரத்தை நெஞ்சார நம்பி அணிந்தார்கள் என்பதும் உண்மை. ஒரே மனிதரிடம் இரண்டுமே இருந்திருக்கலாம். சித்தப்பா தாத்தா திரும்பி வந்து, 1970கள் வரை பால் வெட்டினார். அண்ணனைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அந்தக் கூட்டுக்கும் ஒரு கல் இருந்தது. 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. வென்றவர்களின் நட்புக்குக் கல் நிற்கிறது, தோற்றவர்களின் நட்புக்கு நிற்பதில்லை. அது உலக வழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் எங்கள் தாத்தா வென்ற பக்கமும் இல்லை, தோற்ற பக்கமும் இல்லை. எந்தக் கூட்டின் கல்லிலும் அவருக்கு வரி கிடையாது. சிப்பாயாக இறந்திருந்தால் பெயர் இருந்திருக்கும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து இறந்த இந்தியர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சிக் கல்லறைத் தோட்டத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. அதுதான் வித்தியாசம்.

அந்த அம்மையாரின் நோட்டுப் புத்தகம்

நாங்கள் போனபோது பாலத்தருகே ஏற்கெனவே ஒரு வாடகைக் கார் நின்றது. எழுபதைத் தாண்டிய ஆஸ்திரேலிய அம்மையார் ஒருவர், வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்து நின்றிருந்தார். அவருடைய அப்பா 2/30ஆவது பட்டாலியனில் இருந்தவர். எங்களைப் பார்த்ததும் தானே வந்து பேசினார். நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன், மாமா சொன்னதை அவருக்குச் சொன்னேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். அதில் அவருடைய அப்பாவின் படைப் பதிவேட்டின் நகல். படை எண், சேர்ந்த நாள், சிறைப்பட்ட நாள், எஃப் ஃபோர்ஸில் சாங்கியை விட்டுப் புறப்பட்ட நாள், எந்த முகாம், எப்போது மலேரியா, எப்போது வயிற்றுக்கடுப்பு, எந்தக் கப்பலில் வீடு திரும்பினார் என்பது வரை. மாமா அந்தத் தாள்களை வாங்கி, ஆங்கிலம் அதிகம் தெரியாதவராக இருந்தும், தேதிகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "உங்கள் அப்பா உயிரோடு வந்தாரா?" என்று கேட்டார். வந்தார் என்றார் அந்த அம்மையார். "உங்கள் அப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது இது. அவருடைய அப்பா இந்தப் பாலத்தைப் பற்றி வீட்டில் பெரிதாகப் பேசியதே இல்லையாம். ஒரு மாலைப்பொழுதுச் சண்டை, அவ்வளவுதான். ஆனால் சயாமில் தங்கள் முகாமுக்கு மேற்பக்கம் ஆற்றோரம் இருந்த தமிழர் முகாமைப் பற்றி, வயதான காலத்தில், அடிக்கடி பேசினாராம். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்குத் தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, தட்டை வெந்நீரில் முக்கு, நோயாளியைத் தனியாக வை என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். பக்கத்து முகாமில் அப்படி யாரும் இல்லை. புருஷன் படுத்தால் பெண்டாட்டி, பெண்டாட்டி படுத்தால் பிள்ளை. "எங்களைக் காப்பாற்றியது எங்கள் ராணுவம். அவர்களுக்கு ராணுவம் இல்லை" என்று அப்பா சொல்வாராம். சில கைதிகளை அங்கே பிணம் எரிக்க அனுப்பினார்கள், அவரும் போனவர்.

இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி இல்லை. 1943இல் 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று இரண்டு மருத்துவக் குழுக்களைக் கைதிகளிலிருந்து பிரித்து, ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள் என்று படித்திருக்கிறேன். மருந்தும் கருவியும் அநேகமாக இல்லாமல் அந்த மருத்துவர்கள் நம் ஆட்களின் புண்ணைக் கழுவினார்கள். ஆனால் படித்தது வேறு, பாலத்தடியில் நின்று கேட்டது வேறு. ஓர் ஆஸ்திரேலியர் எங்கள் ஆட்களுக்குக் கொள்ளிவைத்திருக்கிறார். அது என் தாத்தாவாகவே இருக்க வேண்டும் என்று நான் கற்பனை செய்யவில்லை; அந்த 415 கிலோமீட்டரில் அவர் எங்கே கிடந்தார் என்று யாருக்குத் தெரியும். ஆனால் இரு கூட்டத்தாரின் நட்பு என்று ஒன்று உண்மையாகவே நடந்திருந்தால், அது அங்கே நடந்தது, சேற்றில், வேலிக்கு இருபுறமும் இருந்தவர்களுக்கிடையில். அரசுகளுக்கு அதில் பங்கில்லை. அப்போது நாடே இல்லாதவர்களோடு அந்தக் கைதிகள் கொண்ட உறவு அது. எனக்கு இத்தனை காலம் உறுத்தியதற்கு அப்போதுதான் ஒரு வடிவம் கிடைத்தது. நட்பைக் கொண்டாடும் கல்மீது எனக்குக் குறையில்லை. நட்பின் பெரிய பாதி அதில் இல்லை என்பதுதான் என் குறை.

அம்மையார் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். மாமா சொன்னார். அவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். பிறந்த ஆண்டு? தெரியாது. இந்தியாவில் எந்த ஊர்? சேலம் ஜில்லா என்பது மட்டும் தெரியும். எந்தத் தேதியில் கொண்டுபோனார்கள்? தெரியாது, தீபாவளிக்கு முன்பு. எந்த முகாம்? தெரியாது. ஒவ்வொரு 'தெரியாது'வுக்கும் மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அப்போது அந்த அம்மையார், தன் அப்பாவின் தாளில் முதல் வரியைக் காட்டி, "உங்கள் அப்பாவுக்கு எண் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். அது படைவீரர்களுக்கான கேள்வி. அவர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், மாமா நிமிர்ந்து, மூன்று இலக்க எண் ஒன்றைச் சொன்னார்.

தாத்தாவின் செக்ரோல் எண், தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் அவருக்கிருந்த எண். பாட்டி அதைச் சாகும்வரை மறக்கவில்லையாம். 1945 முடிந்து தோட்டம் திரும்பத் திறந்தபோது, புதிய கிராணியிடம் போய், இந்த நம்பர்க்காரரின் பெண்டாட்டி நான், இவருக்கு வர வேண்டிய பாக்கி இருக்கிறதா, இவர் பெயரை அடித்துவிட்டீர்களா என்று கேட்டுக் கேட்டு நின்றாராம். பாக்கியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பாட்டியே அடுத்த மாதம் கத்தியை எடுத்துக்கொண்டு காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றார். அந்த எண்ணை மாமாவுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என் அம்மாவுக்குக்கூட அது தெரியாது; எனக்கும் அன்றுவரை தெரியாது. அந்த அம்மையார் அதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார், தன் அப்பாவின் எண்ணை எழுதுகிற அதே விதமாக.

பெயர் இருந்தவர்கள்

சயாமில் இறந்த நம் ஆட்களைப் பற்றி எழுதும்போது 'பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர்' என்று எழுதுகிறார்கள். நினைவுக் கூட்டங்களில் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் இனிமேல் நான் அதை ஏற்கப் போவதில்லை. தோட்டத்தைப் போல ஆளை எண்ணிய இடம் வேறு எது? விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். வந்தவனுக்குக் கோடு போட்டார்கள், வராதவனுக்குக் கூலியை வெட்டினார்கள். எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் வேலை, எவ்வளவு அரிசி என்று ஒவ்வொரு தலைக்கும் கணக்கு இருந்தது. காலணா பாக்கி இருந்தாலும் கிராணியின் புத்தகம் மறக்காது. அத்தனை கவனமாக எண்ணப்பட்டவர்கள், இறந்த பிறகு மட்டும் பெயரற்றவர்களாகிவிட்டார்கள் என்பதை எப்படி நம்புவது? அவர்களுக்குப் பெயர் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் பாதை நெடுகத் தங்கள் ஆட்களின் கல்லறைகளைத் தேடி எடுத்து, காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத் என்று மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். தொழிலாளர்களின் எலும்புக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

எங்கள் மலாக்கா பக்கத்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. தெரண்டாக் ராணுவ முகாமில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. வியட்நாம் போரிலும் பிற காலங்களிலும் இறந்த ஆஸ்திரேலியர்களை அங்கே புதைத்திருந்தார்கள். குடும்பங்கள் விடாமல் கேட்டன. 2016இல் ஆஸ்திரேலிய அரசு விமானம் அனுப்பி, தெரண்டாக்கிலிருந்து 32 பேர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் என்று 33 பேரின் உடல்களைச் சொந்த மண்ணுக்கு எடுத்துக்கொண்டு போனது. மலேசியா மரியாதையோடு அனுப்பிவைத்தது. அதுவும் இரு நாட்டு நட்புதான், நல்ல நட்பு. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் பொறாமைப்பட்டேன். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு தாயின் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று ஒரு நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

காஞ்சனபுரியில் ஜப்பானிய ராணுவம் 1944இலேயே, போர் முடியுமுன்பே, இறந்தவர்களுக்கென்று ஒரு கல் எழுப்பியது. அதில் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், தமிழும் உண்டு. கொன்றவர்களின் கல்லில் தமிழ் ஏறியதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான், அதே ஊரின் வாட் தாவோர்ன் வராராம் விகாரையில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால், தமிழ்நாட்டு அரசின் உதவியோடு, நம் ஆட்களுக்கென்று ஒரு நடுகல் நின்றது. அதற்காக உழைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுகல் என்பது நம் மரபில் பெயரோடு நிற்பது. இன்னார் மகன் இன்னான், இந்தப் போரில் பட்டான் என்று சொல்வது. அந்தக் கல்லுக்குக் கொடுக்க நம்மிடம் பெயர்கள் வேண்டும். அதைச் சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரும் சேகரித்துத் தர முடியாது. கெமாஸ், கெமெஞ்சே, பத்தாங் மலாக்கா, சிகாமட், ரொம்பின் என்று அவர்கள் புறப்பட்ட ஊர்களில் இருக்கும் நாம்தான் தர வேண்டும். அதுவும் சீக்கிரம். தாத்தா இருந்த தோட்டம் பல கம்பெனிகளுக்குக் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்து, ஆட்கள் தாமான்களுக்கு, புதிய குடியிருப்புகளுக்கு, குடிபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயரைச் சொன்னால் இளையவர்களுக்கு இடம் தெரிவதில்லை. மாமாவைப் போன்று எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

கெமெஞ்சே கல்லில் நம் பெயர்களைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அந்த 81 பேரின் இடம். அங்கே போய் நாம் நெருக்கியடித்து நிற்க வேண்டியதில்லை. கெமாஸ் பழைய ரயில் நிலையத்தில் ஒரு சுவர் போதும். இரு கூட்டத்தாரின் வேகன்களும் நின்று போன மேடை அது. 1943இல் இந்தத் தண்டவாளத்தில் போன ஆஸ்திரேலியக் கைதிகளின் பெயர்களும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து போனவர்களின் பெயர்களும், ஆங்கிலம், மலாய், தமிழ் என்று மூன்று மொழிகளிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். அந்த அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, தங்கள் பக்கப் பட்டியல் தயாராகவே இருக்கிறது என்றார். நம் பக்கம் இப்போதுதான் தொடங்குகிறது. மாமா வீட்டு மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கோயிலுக்கு வருகிற பெரியவர்களிடமும், பழைய தோட்டத்துக் குடும்பங்களிடமும் கேட்டுக் கேட்டு அவர் சொல்ல, நான் வார இறுதிகளில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர், அப்பாவின் பெயர், அழைத்த பெயர் வேறாக இருந்தால் அதுவும். தோட்டத்தின் பழைய பெயர், டிவிஷன், லயம். இந்தியாவில் எந்த ஜில்லா. எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், கூடப் போனவர்கள் யார். திரும்பி வந்தவர்களானால் அவர்கள் சொன்ன முகாமின் பெயர், எப்படி உச்சரித்தார்களோ அப்படியே. செக்ரோல் எண் யாருக்காவது நினைவிருந்தால், அதை மறக்காமல் எழுதுங்கள்.